வீடிழந்த குடும்பத்தை நம் வீட்டுக்கு அழைக்கும் முன்

கேள்வி: என் கணவருடன் பணிபுரியும் நண்பரின் ஊரில் ஆறு கரை உடைந்து, அவருடைய வீடு கூரை வரை மூழ்கிவிட்டது. அவரும் மனைவியும் 14 வயது மகளும் 72 வயதுத் தாயாரும் இப்போது நிவாரண முகாமில் இருக்கிறார்கள். நாங்கள் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஓர் அறை காலியாக உள்ளது. எங்களுக்கு 17 வயதில் ஒரு மகனும் 9 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்துவிட வேண்டும் என்று என் மனம் துடிக்கிறது. என் கணவரோ, "உதவ எனக்கும் ஆசைதான், ஆனால் வந்த பிறகு எப்போது போவீர்கள் என்று எப்படிக் கேட்பது?" என்கிறார். அழைக்கலாமா? அழைத்தால் எதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்? எல்லாவற்றையும் இழந்து வருபவர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழையுங்கள் என்பதே என் பதில். ஆனால் உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விடை கண்ட பிறகு அழையுங்கள். அவருடைய தயக்கத்தை இரக்கமின்மை என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரிடரில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் அவர்களை ஏற்ற குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லும் பணியில் நான் திரும்பத் திரும்பக் கண்டது என்னவென்றால், நல்ல மனத்துடன் தொடங்கிய ஏற்பாடுகள் பெரும்பாலும் பணத்தாலோ இடத்தாலோ முறிவதில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்காத அந்த ஒரு கேள்வியால்தான் முறிகின்றன. அதை உங்கள் கணவர் முதல் நாளிலேயே கேட்டுவிட்டார். அது உங்களுக்குப் பெரிய உதவி.

நீங்கள் செய்ய நினைப்பது அரிதான செயலும் அல்ல. பேரிடருக்குப் பின் முகாம்கள்தான் செய்திகளில் தெரிகின்றன என்றாலும், வீடிழந்தவர்களில் பெரும் பகுதியினர் உறவினர், நண்பர், அறிமுகமானவர் வீடுகளில்தான் ஒண்டிக்கொள்கிறார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் தலைநகரை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோருக்கு வெளி மாவட்டங்களில் இருந்த குடும்பங்களே இடம் கொடுத்தன. ஏற்கெனவே வறுமையில் இருந்த அந்தக் குடும்பங்கள் விதைக்க வைத்திருந்த தானியத்தைக் கூடச் சமைத்துப் போட்டுவிட்டுத் தாங்களும் நெருக்கடிக்கு உள்ளானார்கள். இடம் கொடுப்பவரின் தாங்கும் சக்தியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை நிவாரண அமைப்புகள் வலியுறுத்துவது இத்தகைய அனுபவங்களால்தான்.

இனி, காலவரம்புக்கு வருகிறேன். அவர்கள் வந்து சேருவதற்கு முன்பே, அழைக்கும் பேச்சிலேயே, ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள். இது விருந்தோம்பலுக்குக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் முகாமில் இருப்பவரின் நிலையிலிருந்து பாருங்கள்: நாளை என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் அவர் இருக்கிறார், உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு நாளும் உங்கள் முகக்குறிப்பைப் படித்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். "எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள்" என்ற சொல் அன்பாகத் தோன்றினாலும், கேட்பவர் அதை நம்புவதில்லை. சொன்னவராலும் பல சமயம் அதைக் காப்பாற்ற முடிவதில்லை. பேரிடருக்குப் பிந்தைய இடப்பெயர்வு நாம் எண்ணுவதைவிட நெடுங்காலம் நீள்வது வழக்கம். 2011-இல் ஜப்பானில் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பின் கட்டப்பட்ட தற்காலிக வீடுகள் இரண்டு ஆண்டுகளுக்கென்றே திட்டமிடப்பட்டவை. பலர் அவற்றில் அதற்கும் மேலாகப் பல ஆண்டுகள் வாழ நேர்ந்தது. கூரை வரை மூழ்கிய வீடு சில நாட்களில் குடியிருக்கத் தகுதியாகிவிடாது.

ஆகவே உங்கள் கணவர் தம் நண்பரிடம் இப்படிச் சொல்லலாம்: "ஆறு வாரங்களுக்கு இந்த அறை உங்களுடையது. நான்காவது வாரக் கடைசியில் நாம் நால்வரும் உட்கார்ந்து, வீட்டு நிலவரம் எப்படி இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம்." ஆறு வாரம் என்பது உதாரணம்தான், உங்களால் மனக்கசப்பின்றித் தர முடிகிற காலம் எதுவோ அதைச் சொல்லுங்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் இரண்டு வாரம் என்றே சொல்லுங்கள். பிறகு நீட்டிக்க முடிந்தால் அது அவர்களுக்கு நற்செய்தியாக இருக்கும். சொல்லிவிட்டுக் குறைக்க நேர்ந்தால் அது இன்னொரு வெளியேற்றமாக இருக்கும். இடையில் பேசுவதற்கான நாளை முன்கூட்டியே குறித்துவிடுவதில் ஒரு நன்மை உண்டு: அந்த நாள் வரும்போது யார் முதலில் வாயைத் திறப்பது என்ற சங்கடம் இரு தரப்புக்கும் இருக்காது. அந்த முடிவை எடுக்கும்போது உங்கள் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களுடைய வீடும் அதுதான். கேட்காமல் எடுத்த முடிவின் பாரத்தைப் பிள்ளைகள் பிறகு விருந்தினர் மேல் காட்டிவிடுவார்கள்.

அறையை ஒருமுறை அளந்து பாருங்கள். மனிதநேய உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துள்ள ஸ்பியர் கையேடு, சமையல், குளியல் இடங்களைத் தவிர்த்து, தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் தரைப்பரப்பாவது வேண்டும் என்கிறது. நால்வருக்கு 14 சதுர மீட்டர். உங்கள் அறை அதைவிடச் சிறியது என்றால் அழைக்கக் கூடாது என்று பொருளில்லை. பாட்டியும் பேத்தியும் வேறோர் இடத்தில் படுக்க வழி உண்டா என்று யோசிக்க வேண்டும் என்றே பொருள். நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதால் உரிமையாளரிடம் முதலில் சொல்லி, இயன்றால் எழுத்தில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். விருந்தினர் வந்து சேர்ந்த பிறகு உரிமையாளர் மறுத்தால் அவமானப்படுவது அவர்கள்தான்.

உங்கள் வீட்டில் 17 வயது மகன் இருக்கிறார். வருபவர்களில் 14 வயதுச் சிறுமி இருக்கிறாள். இதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்டதே உங்களுக்குள் ஒரு கவலை இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். கவலைப்படுவதில் தவறில்லை, யாரையும் சந்தேகிப்பதாகவும் ஆகாது. இடப்பெயர்வுக் காலத்தில் வழக்கமான கண்காணிப்பும் அன்றாட ஒழுங்கும் குலைந்துபோவதால் பிள்ளைகளுக்கான ஆபத்து கூடுகிறது. மற்றவர் தயவில் இருக்கும் பிள்ளை தனக்குப் பிடிக்காத ஒன்று நடந்தாலும் சொல்லத் தயங்கும். எனவே இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொதுவான விதிகளாகச் சிலவற்றை வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தத்தம் பெற்றோர் அல்லது பாட்டியுடன் படுப்பார்கள். விருந்தினர் அறைக்கும் குளியலறைக்கும் உட்புறத் தாழ்ப்பாள் இருக்கும். எந்த அறைக்குள்ளும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மற்ற குடும்பத்துப் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் மட்டும் தனியே வெளியில் அழைத்துச் செல்வதானால் பெற்றோரிடம் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். இவற்றை முதல் மாலையிலேயே எல்லோரும் இருக்கும்போது இயல்பாகச் சொல்லிவிட்டால் யாரையும் சுட்டுவதாக இராது. உங்கள் மகனிடம் மட்டும் தனியே பேசுங்கள். எச்சரிக்கும் தொனியில் இல்லாமல், அந்தப் பெண் பள்ளியையும் தோழிகளையும் புத்தகங்களையும் ஒரே இரவில் இழந்து வருகிறாள், அவளுக்கு யாரும் உற்றுப் பார்க்காத ஒரு மூலை வேண்டும் என்று சொல்லுங்கள். 17 வயதில் அது புரியும்.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். வெள்ளத்தில் அவர்கள் இழந்தவற்றில் வீடும் பொருள்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. எப்போது எழுவது, என்ன சமைப்பது, யாரை வீட்டுக்குள் விடுவது, விளக்கை எப்போது அணைப்பது என்று தம் வாழ்வைத் தாமே முடிவு செய்த உரிமையும் அதே நாளில் போய்விட்டது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முகாமில் வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கி, சொன்ன இடத்தில் படுத்துப் பழகியிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அன்பின் பெயரால் அதுவே தொடர்ந்தால், வசதி கூடியிருக்கும், மனம் தேறியிருக்காது. எனவே முதல் நாளே வாசற்சாவியின் நகல் ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். அலமாரியில் ஒரு பகுதியையும் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டையும் அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். அடுப்படியில் அந்தச் சகோதரிக்கு ஒரு நேரத்தைக் கொடுத்து, அந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்காதீர்கள். வாரத்தில் சில வேளை இரு குடும்பமும் சேர்ந்து உண்ணலாம். ஒவ்வொரு வேளையும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு குடும்பமும் மூச்சுத் திணறும்.

அவர்கள் ஏதாவது வேலை செய்ய முன்வந்தால், "நீங்கள் உட்காருங்கள்" என்று தடுத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் அவர்களை மிகவும் நோகச் செய்கிறது. செலவிலும் இதே அணுகுமுறை நல்லது. அந்த நண்பருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தால், மளிகைச் செலவிலோ மின்கட்டணத்திலோ ஒரு சிறு பங்கை அவர் ஏற்க விரும்பக்கூடும். கூடுதலாகும் செலவு தோராயமாக எவ்வளவு என்று நீங்கள் இருவரும் முன்கூட்டியே கணக்கிட்டு, அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்தால், பிறகு மனத்துக்குள்ளும் கேட்காதீர்கள்.

எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதை மூன்று செயல்களாகச் சொல்கிறது: கவனித்துப் பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. வற்புறுத்தக் கூடாது என்றே அக்கையேடு கூறுகிறது. மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் நம்புவதால், வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் எப்போது வந்தது, எப்படித் தப்பினீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து கேட்பார்கள். அவர்களைத் தடுக்கும் பொறுப்பு உங்களுடையது. விருந்தினர் தாமாகச் சொல்ல விரும்பினால், இடைமறிக்காமல் கேளுங்கள். அதே நிகழ்வை ஐந்தாவது முறையாகச் சொன்னாலும் கேளுங்கள். "உயிர் தப்பியதே பெரிது", "பொருள் போனால் என்ன, சம்பாதித்துக்கொள்ளலாம்" போன்ற சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை உண்மையாகவே இருந்தாலும், இழந்ததற்காக அழும் உரிமையை அவை பறித்துவிடுகின்றன. பேசுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், நாளைக் காலை அவர்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது, துணைக்கு யாராவது வர வேண்டுமா என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களால் முடியும்.

முதல் வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், எரிச்சல், மறதி, மழைச் சத்தம் கேட்டால் நடுக்கம் ஆகியவை இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்கு இவை நாளடைவில் குறைந்துவிடும். உண்ணாமலும் உறங்காமலும் நாட்கள் தொடர்ந்தாலோ, மது கூடினாலோ, வீட்டுக்குள் வன்முறை தலைகாட்டினாலோ, ஒரு மாதம் கடந்தும் அச்சம் அன்றாட வேலைகளை முடக்கினாலோ மருத்துவ உதவி தேவை. "நான் இருந்து என்ன பயன்" என்ற பொருளில் யாராவது பேசினால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

தாயாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தகைய ஏற்பாடுகளில் முதியவர்கள் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். பழகாத வீட்டில் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர்களுக்குப் பேரிடரை விடப் பெரிய ஆபத்தாக முடியக்கூடும். வழியில் ஓர் இரவு விளக்கு, வழுக்காத மிதியடி, கைபிடிக்க ஏதாவது ஒன்று, இவை முதல் இரவுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். அவர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் வெள்ளத்தில் போயிருக்கலாம். மருந்துச் சீட்டும் போயிருக்கலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால், வந்த மறுநாளே அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டிப் புதிய சீட்டு வாங்கிவிடுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் நான் சொன்ன அந்தத் தட்டில் அதற்கும் இடம் வேண்டும். சிலருக்கு இடம் மாறியதும் குழப்பம் ஏற்பட்டு, தம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரவில் எழுந்து நடப்பார்கள். அப்படியானால் வாசற்கதவைக் கவனியுங்கள். வீடு மூழ்கிவிட்டது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லி அவரை ஒவ்வொரு முறையும் புதிதாக அழவைக்க வேண்டாம்.

முகாமை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை மிக அவசியம். நிவாரணம் முகாம்களைச் சுற்றியே நடக்கிறது. வீடுகளில் தங்கியிருப்பவர்கள் கணக்கெடுப்பில் விட்டுப்போவது அடிக்கடி நிகழ்கிறது. எனவே நண்பர் தம் குடும்பத்தின் பெயர்களை அங்கே பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தொடர்புக்குக் கொடுத்துவிட்டு வரட்டும். சேத மதிப்பீட்டுக்கு அதிகாரிகள் எப்போது வருவார்கள் என்று கேட்டு, அந்த நாளில் அவர் அங்கே இருக்க வழி செய்யுங்கள். வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் ஒவ்வோர் அறையையும், சுவரில் நீர்மட்டம் தெரியும்படி, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இருந்தால் அதற்கும் இது உதவும். அடையாள அட்டை, சொத்துப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நகல் பெற விண்ணப்பிப்பதற்கு உங்கள் வீட்டு மேசையும் இணைய இணைப்பும் பெரும் உதவியாக இருக்கும். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக 1998-இல் ஐக்கிய நாடுகள் அவை முன்வைத்த வழிகாட்டு நெறிகள் இயற்கைப் பேரிடரால் வெளியேறியவர்களுக்கும் பொருந்தும். இழந்த ஆவணங்களுக்கு மாற்று ஆவணங்களை, சொந்த ஊருக்குத் திரும்பி வந்தால்தான் தருவோம் என்பது போன்ற நியாயமற்ற நிபந்தனைகளின்றி அதிகாரிகள் வழங்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. எந்த அலுவலகத்திலாவது அலைக்கழித்தால் நண்பர் அதை எடுத்துச் சொல்லலாம்.

வெள்ளத்தில் நனைந்த பொருள்களை அவர்கள் கொண்டுவர விரும்புவார்கள். அந்த நீரில் சாக்கடையும் கலந்திருக்கும்; நனைந்த பொருள்களில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். நனைந்த மெத்தையையும் தலையணையையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். புகைப்படங்களையும் கடிதங்களையும் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிழலில் உலர்த்த மாடியில் ஓர் இடம் கொடுங்கள்.

உங்களைப் பற்றியும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் எல்லோருக்கும் பெருந்தன்மை இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கழிப்பறை வாசலில் காத்திருப்பதும், பாத்திரம் இடம் மாறியிருப்பதும், தொலைக்காட்சியின் சத்தமும் எரிச்சலூட்டத் தொடங்கும். அந்த எரிச்சலுக்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம், அது களைப்பு. சிறிய விஷயங்களை அன்றைக்கே, மென்மையாக, ஒருவரிடம் ஒருவர் நேரில் சொல்லிக்கொள்வது என்று பெண்கள் இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளோடு நாள்தோறும் சிறிது நேரமாவது தனியாக இருங்கள். 9 வயதில் வீட்டின் கவனமெல்லாம் வந்தவர்கள் பக்கம் திரும்புவதை அவள் தாங்கிக்கொள்வது எளிதல்ல.

இவ்வளவையும் யோசித்த பிறகு, உரிமையாளர் மறுப்பதாலோ உங்கள் கணவரின் மனம் ஒப்பாததாலோ அவர்களைத் தங்கவைக்க முடியாது என்று தோன்றினால், அதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டு வேறு விதத்தில் வீட்டைத் திறங்கள். வாரம் இருமுறை குளித்துத் துணி துவைத்துச் செல்ல வரலாம். தேர்வுக்குப் படிக்க அந்தப் பெண் பகலில் வந்து உட்காரலாம். காப்பாற்றிய பொருள்களை உங்கள் காலி அறையில் வைத்துக்கொள்ளலாம். கடிதங்கள் உங்கள் முகவரிக்கு வரலாம். தாயாரை மட்டும் சில வாரங்கள் அழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றக்கூடும். அவர்களே கேட்டாலன்றி அப்படிச் சொல்ல வேண்டாம், ஏனென்றால் இந்த நேரத்தில் ஒன்றாக இருப்பதே அவர்களுக்கு எஞ்சியிருக்கிறது.

தங்க வந்தால், அவர்கள் கிளம்பும் கட்டத்திலும் உங்கள் உதவி தேவைப்படும். மூழ்கிய வீட்டின் சுவர்கள் உள்ளே உலரப் பல வாரங்கள் ஆகலாம். தகுதியுள்ள மின்பணியாளர் பார்த்த பிறகே மின்சாரத்தை இயக்க வேண்டும். குடிநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தில், வீடு தயாராவதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிடக்கூடும். எனவே நண்பர் போகும் தேதியைச் சொன்னதும், உங்கள் கணவர் ஒருமுறை அவருடன் சென்று அந்த வீட்டைப் பார்த்துவரட்டும். அவர்கள் குடியேறிய பிறகும் இரண்டு வாரங்களுக்கு அறையில் மறுபடி எதையும் அடுக்காமல் விட்டுவைத்து, முதல் மழையில் கூரை ஒழுகினாலோ, பாட்டிக்கு இருமல் கண்டாலோ திரும்பி வரலாம் என்று சாவியை அவர்களையே வைத்திருக்கச் சொல்லுங்கள்.